எந்த மொழியைப் படிப்பது?

(பத்தாம் வகுப்பு முடித்த மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நம் பள்ளிவாசலில் நடைபெற்ற கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் முதல் நம்மிடம் ஒரு கேள்வி வந்து சேர்கிறது. அஸர் தொழுகை முடிந்து வாசலில் செருப்பை மாட்டும் வேளையில் யாரேனும் ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், பிள்ளைக்குப் பதினொன்றில் தமிழுக்குப் பதிலாக வேறு மொழி எடுக்கலாம் என்கிறார்கள். அரபு எடுக்கலாமா, பிரெஞ்சு எடுக்கலாமா?" என்று கேட்கிறார். ஏன் மாற்ற விரும்புகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால் மூன்று விடைகளில் ஒன்று வரும். மதிப்பெண் அதிகம் கிடைக்கும் என்பார் ஒருவர். நாளை வளைகுடாவுக்குப் போனால் உதவும் என்பார் இன்னொருவர். குர்ஆனின் மொழியாயிற்றே, பரக்கத் உண்டு என்பார் மூன்றாமவர். மூன்றுமே நல்லெண்ணத்தில் பிறந்த விடைகள். ஆயினும் மூன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. அதற்காகவே இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

ஒரு தாளின் கதை

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரின் பெயரும் நாடும் நிறுவனமும் நமக்கு வேண்டியதில்லை, பாடம் போதும்.

நம் பகுதி இளைஞர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் சரக்குக் கிடங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். அவருடைய அத்தா பட்டாசு ஆலைத் தொழிலாளி. ஆலையில் வெடிச்சத்தம் கேட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தின் தாய்மார்கள் எல்லாம் தெருவுக்கு ஓடிவருவது எதற்காக என்பது உங்களுக்குத் தெரியும். மகனாவது மருந்து வாசனை படாத இடத்தில் பிழைக்கட்டும் என்று கடன் வாங்கி அனுப்பினார்கள். இளைஞர் ஒருநாள் ஊர் திரும்பினார். லுஹர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "விடுப்புக்கான தாள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், ஹஜ்ரத். இப்பொழுது சம்பள பாக்கியைக் கேட்டால் எதுவும் இல்லை என்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?" என்றார்.

அந்த இளைஞர் இதே பள்ளிவாசலின் மக்தபில் ஓதியவர். அவருக்கு அலிஃப், பா, தா சொல்லிக்கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். ஆகவே, "நீரே வாசித்துப் பாரும்" என்றோம். தாளில் ஹரகத் குறிகள் இல்லை. ஆயினும் தட்டுத் தடுமாறி ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டார். 'ஜமீஅ ஹுகூகீ' என்ற இடத்தையும் வாசித்தார். வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். 'என் உரிமைகள் அனைத்தும்' என்பது அதன் பொருள். கீழே கையெழுத்திட்டுள்ள நான் என் உரிமைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதே அந்தத் தாள். 'ஹக்கு' என்ற சொல்லை அவர் அறியாதவர் அல்லர். அண்டை வீட்டாரின் ஹக்கு, பெற்றோரின் ஹக்கு என்று நம் பயானில் நூறு முறை கேட்டவர். அதே சொல் பன்மையாகித் தாளில் ஏறியபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர், தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகத்தின் கீழ் தம் கையாலேயே ஒப்பமிட்டு வந்திருந்தார்.

அன்பர்களே, கதை அத்துடன் முடியவில்லை. நம் குறையையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அவர் தம் வேலை ஒப்பந்தத்தையும் கொண்டுவந்திருந்தார். அதில் 'முகாஃபஅத்து நிஹாயத்தில் கித்மா' என்றொரு தொடர் இருந்தது. முகாஃபஆ என்றால் வெகுமதி. நிஹாயா என்றால் முடிவு. கித்மா என்றால் பணி. மூன்று சொல்லும் நமக்குத் தெரியும். மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் ஆண்டுக்கணக்கில் ஓதியவர்கள் நாம். "பணி முடியும்போது முதலாளி விரும்பினால் தரும் அன்பளிப்பு போலும்" என்று அவரிடம் கூறிவிட்டோம். இருபதாண்டுகள் அங்கு வேலைபார்த்துத் திரும்பிய நம் ஜமாஅத் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். "இல்லை ஹஜ்ரத், அது அன்பளிப்பு அன்று. சட்டப்படி முதலாளி கொடுத்தே தீரவேண்டிய பணிக்கொடை" என்று திருத்தினார். அந்தப் பெரியவருக்கு அரபு எழுத்துக்கூட்டி வாசிப்பதே கடினம். ஆனால் அந்தத் தொடரின் நடப்புப் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை.

அன்று இரவு நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. ஒருவருக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஒருவருக்கு இலக்கணம் தெரியும், இன்றைய வழக்குத் தெரியாது. ஒருவருக்கு வழக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. மூவரும் ஒரே பள்ளிவாசலின் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்கள். மூவரையும் சேர்த்தால் ஒரு முழு மொழி. தனித்தனியாக நின்றதால் ஓர் இளைஞரின் மூன்றாண்டு உழைப்பில் ஒரு பகுதி கையை விட்டுப் போயிற்று.

கடிதத்தை யார் வாசிப்பது?

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் தன் திருமறையில் (30:22) எண்ணிக் காட்டுகிறான். ஆகவே எந்த மொழியும் நமக்குப் பகையன்று. எந்த மொழியும் இழிவானதும் அன்று.

நாயகம் (ஸல்) அவர்களின் எழுத்தரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் வரலாறு ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மதீனாவில் யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து இருந்தது. வரும் கடிதத்தை வாசிக்கவும் போகும் கடிதத்தை எழுதவும் பிறரையே நம்பியிருக்கும் நிலை. அதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இளைஞரான ஸைத் (ரலி) அவர்களை அழைத்து அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதீயில் காண்கிறோம். அதன்பின் வந்த கடிதங்களை அவரே வாசித்துக் காட்டினார். போகும் கடிதங்களை அவரே எழுதினார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது நோக்கத்தை. ஸைத் (ரலி) அவர்கள் ஒரு பட்டத்துக்காகக் கற்கவில்லை. நமக்கு வந்த கடிதத்தை நம்மவரே வாசிக்க வேண்டும் என்பதற்காகக் கற்றார். ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. 'இந்த மொழியில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?' என்பது பிறகு. 'இந்த மொழியைக் கற்றபின் என்னால் எதை வாசிக்க முடியும், யாரோடு பேச முடியும், யாரை நம்பியிராமல் வாழ முடியும்?' என்பதே முதல் கேள்வி.

மதிப்பெண் கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-07ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆகவே நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை தமிழை முதற்பாடமாகப் படித்தே வந்திருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில்தான் வாசல் திறக்கிறது. மேல்நிலை வகுப்பில் பகுதி ஒன்று என்னும் மொழிப்பாடத்துக்குத் தமிழ், அரபு, உருது, பிரெஞ்சு, ஜெர்மன், சமஸ்கிருதம், இந்தி முதலிய மொழிகளுள் ஒன்றை எடுத்துத் தேர்வு எழுத இடமுண்டு. அந்தந்தப் பள்ளியில் ஆசிரியர் இருப்பதைப் பொறுத்து இது அமைகிறது. கல்லூரியிலும் பகுதி ஒன்றில் இதே தேர்வு மீண்டும் வருகிறது.

தமிழில் எண்பது வாங்கும் பிள்ளை பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு வாங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பதினெட்டு மதிப்பெண் எங்கே பயன்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடத்துக்கு அங்கே இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட் தேர்வு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை வகுக்கப்படுகிறது. 600க்கு இத்தனை என்று வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொள்ளலாம். சேர்க்கைச் சாளரத்தில் அது பெரிதாக எடுபடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்தால், இரண்டாண்டில் ஒரு பிள்ளை ஒரு மொழிக்குச் செலவிடுவது 320 மணி நேரம். தம் தூதரக அலுவலர்களுக்கு மொழி பயிற்றும் அமெரிக்க அரசின் நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் பிரெஞ்சு மொழியில் அலுவல் செய்யும் அளவுக்குத் தேற ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், அரபு, ஜப்பான், கொரிய, சீன மொழிகளுக்கு ஏறத்தாழ 2200 மணி நேரமும் வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த எண் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் உண்மை மாறாது. பள்ளியின் இரண்டாண்டு ஒரு மொழிக்கு வாசற்படி மட்டுமே. தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தைப் பழைய காகிதக் கடையில் போடுவதாக இருந்தால், அந்த 320 மணி நேரமும் வீண். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னும் தொடர்ந்து படிக்கும் எண்ணமுள்ள மொழியையே எடுக்க வேண்டும்.

தமிழை விடலாகாது

நாம் அரபு ஓதியவர்கள். அரபைக் கொண்டே இந்த மிம்பரில் நிற்கிறோம். ஆகவே நாம் சொல்லும் இந்தச் சொல்லுக்கு உள்நோக்கம் கற்பிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். அரபுக்காகவும் தமிழை விடாதீர்கள், பிரெஞ்சுக்காகவும் விடாதீர்கள்.

முதல் காரணம் பிழைப்பு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணைப்படி, மாநில அரசுப் பணிகளுக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாயிற்று. தொகுதி நான்கு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு. அதில் நாற்பது விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்றப் பகுதி விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில் இருப்பவைதாம். ஆயினும் பதினைந்து வயதில் தமிழ்ப் புத்தகத்தை மூடியவர், இருபத்திரண்டு வயதில் அதைத் திறக்கும்போது எவ்வளவு நினைவிருக்கும்? கிராம நிர்வாக அலுவலராக, இளநிலை உதவியாளராக நம் பிள்ளைகள் அமர வேண்டும் என்று இதே மேடையில் ஆண்டுதோறும் பேசுகிறோம். பேசிவிட்டு, அந்த வாசலின் சாவியை நாமே பிள்ளையின் கையிலிருந்து வாங்கிவிடலாமா?

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. எந்தத் தூதரையும் அவருடைய சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பியதாக இறைவன் கூறுகிறான் (14:4). மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நம் மக்களின் மொழி தமிழ். நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் அவர்கள் சீறாப்புராணம் பாட விரும்பியபோது, அவர்களிடம் தமிழ் கடலாக இருந்தது. மூல வரலாறுகளோ அரபில் இருந்தன. வள்ளல் சீதக்காதி அவர்களின் ஆதரவோடு, கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா அவர்களை அணுகி, அரபு கற்ற பெருமக்களிடம் உரை கேட்டு எழுதினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. புலவரின் தமிழும் ஆலிம்களின் அரபும் சந்தித்த இடத்தில் அந்தக் காப்பியம் பிறந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அது நமக்குக் கிடைத்திராது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்றே ஒரு மரபை வளர்த்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல்களைப் பெண்களும் வீட்டில் இருந்தே ஓதி மார்க்கம் அறிந்தார்கள். திருக்குர்ஆன் முழுவதற்கும் தமிழாக்கம் தந்து 1949இல் வெளியிட்ட ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் அரபில் மட்டும் வல்லவராக இருந்திருந்தால் அந்தப் பணி நடந்திருக்குமா? அரபும் தமிழும் அறிந்த ஒருவர் பாலம் போன்றவர். ஒரு கரையை இடித்துவிட்டு யாரும் பாலம் கட்டுவதில்லை.

எந்த மொழி, எதற்கு?

அப்படியானால் அயல்மொழியே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் இரு கால்கள் என்றால், மூன்றாவதாக ஒரு மொழி கைத்தடி. தூரப் பயணத்துக்கு அது உதவும். எந்த மொழி என்பது பிள்ளை எங்கே போக விரும்புகிறது என்பதைப் பொறுத்தது.

அரபைப் பற்றி முதலில் சொல்வோம். அரபு லீக்கில் 22 நாடுகள் உறுப்பினர்கள். 1973 டிசம்பர் 18 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அரபைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் ஒன்பதாம் விதிப்படி, ஒப்பந்தம் அரபிலும் வேறொரு மொழியிலும் இருந்தால் அரபு வாசகமே செல்லும். நாம் முன்பு சொன்ன இளைஞரின் கதையை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே போகிறவருக்கு அரபு என்பது தம் கூலியைக் காக்கும் கவசம்.

அரபில் நம் பிள்ளைகளுக்கு முன்னதாகவே ஒரு முதலீடு இருக்கிறது. எழுத்துத் தெரியும். ஐன், ஹா, காஃப் எல்லாம் நாவில் ஏறியிருக்கின்றன. அத்துடன் நாம் அன்றாடம் பேசும் தமிழிலேயே அரபில் பிறந்த சொற்கள் எத்தனை! பட்டாசுக் கடைக் கணக்குப்பிள்ளை தீபாவளி முடிந்ததும் 'வசூல்' என்றும் 'பாக்கி' என்றும் சொல்கிறாரே, இரண்டும் அரபு. அசல், மகசூல், ஜாமீன், ஆஜர், வக்கீல், ரத்து, அமல், ஜில்லா யாவும் அரபு வேரிலிருந்து வந்தவை. முற்றிலும் புதிய மொழியைக் கற்பவருக்கு இல்லாத இந்த வசதியை நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம். பொருள் அறியாமல் ஓதி முடிப்பதோடு நிறுத்திவிட்டோம். ஓதுவதற்கு நன்மை உண்டு; அதில் ஐயமில்லை. ஆனால் பொருளும் தெரிந்தால் தொழுகையில் நிற்கும் மனத்துக்கு எவ்வளவு நிறைவு என்பதை ஓதியவர்கள் அறிவோம். பரக்கத் வேண்டி அரபு எடுக்கச் சொல்லும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: பரக்கத் பாடப்புத்தகத்தின் பெயரில் இல்லை, விளங்கிக் கற்பதில் இருக்கிறது.

அடுத்து ஜெர்மன். இது நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய மொழி. செவிலியர் படிப்பை முடித்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஜெர்மனியில் தேவை பெரிது. அங்கே முழுத் தகுதி பெற்ற செவிலியராக ஏற்கப்படுவதற்குப் பொதுவாக பி-2 என்னும் மொழித்தரம் கேட்கப்படுகிறது. அதற்கு முன் ஏ-1, ஏ-2, பி-1 என்று மூன்று படிகளைக் கடக்க வேண்டும். 1978இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சிக்கு ஏற்பாடு செய்து வந்திருக்கிறது. இடைத்தரகரிடம் இலட்சங்களைக் கொடுக்கும் முன் அரசு நிறுவனத்தின் வாசலைத் தட்டிப் பாருங்கள்.

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அவர்கள் பாராட்டியதாக நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நிஜ ஜப்பானின் மொழியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறனுடைய தொழிலாளர்' என்றொரு புதிய விசா வகையைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், உணவுத் தயாரிப்பு போன்ற துறைகளில் தொழில் திறனோடு, என்-4 என்னும் அளவிலான மொழித் தேர்ச்சியும் வேண்டும். பொறியாளர்தாம் போகலாம் என்பதில்லை. மொழியும் கைத்தொழிலும் உள்ளவர் போகலாம். பிரெஞ்சைப் பொறுத்தவரை, கனடாவின் கியூபெக் மாநிலத்தையோ பிரான்சையோ எண்ணிப் படிப்பவருக்கு அது பொருத்தம். வெறும் மதிப்பெண்ணுக்காகப் படிப்பவருக்கு ஏற்கெனவே விடை சொல்லிவிட்டோம்.

நம் ஊர்ப்பக்கம் கற்றுக்கொள்ளத் துணிந்தவர்களுக்குக் குறைவில்லை. தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்ட அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1920களில் கல்கத்தாவுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கித் தொழில் கற்று வந்தார்கள். மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியில் பிழைப்பு தேடி, மொழி தெரியாத ஊருக்குப் போய்க் கற்று வந்ததைத் தம் ஊருக்கே கொடுத்தார்கள். அதன் பலனில் இன்றளவும் நாமும் உண்கிறோம். அந்தத் துணிவு நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

நாம் கூறும் யோசனைகள்

மாணவச் செல்வங்களே, சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று: மேல்நிலை வகுப்பில் தமிழையே பகுதி ஒன்றாகத் தொடருங்கள். அயல்மொழியை மாலை நேரத்திலும் விடுமுறையிலும் கூடுதலாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு: ஏதேனும் காரணத்தால் அரபையோ பிரெஞ்சையோ பாடமாக எடுத்துவிட்டவர்கள் வருந்த வேண்டாம். ஆனால் வினா விடையை மனப்பாடம் செய்து கடந்துவிடாமல், அந்த மொழியில் ஒரு கடிதம் எழுதவும் ஒரு செய்தியை வாசிக்கவும் முடிகிறதா என்று உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு பக்கம் தமிழும் வாசியுங்கள்.

மூன்று: கல்லூரியிலும் வழி உண்டு. திருச்சி ஜமால் முகமது கல்லூரி, பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரி போன்றவற்றில் அரபுத் துறை இருக்கிறது. ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் அயல்மொழிகளில் பட்டமே பெறலாம். வேலைபார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு.

நான்கு: அயல்நாடு செல்லும் எவரும், பொருள் விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. விளங்காமல் ஒப்பமிட்டுவிட்டு வருந்துவதைவிட அது மேல்.

பெற்றோரே, பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த மொழியெல்லாம் என்று எண்ணாதீர்கள். மகன் அனுப்பும் தாளை வீட்டில் இருந்து வாசித்து எச்சரிக்கக்கூடிய ஒரு சகோதரி இருந்திருந்தால், நாம் சொன்ன அந்தக் கதையே வேறாக முடிந்திருக்கும்.

இறுதியாக ஜமாஅத் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். மக்தப் கலைந்த பின் அந்த அறை மஃரிபிலிருந்து இஷாவரை சும்மா இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அதை நமக்குத் தாருங்கள். எழுத்தையும் இலக்கணத்தையும் நாம் சொல்லித்தருகிறோம். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் இருந்து திரும்பிய பெரியவர்கள் பேச்சையும் வழக்கையும் சொல்லித்தரட்டும். பாடநூலோடு, வேலை ஒப்பந்தமும் மருந்துச் சீட்டும் வங்கிப் படிவமும் அங்கே பாடமாகட்டும். பெரியவர்கள் பேச்சு அரபு சொல்லித்தரும் நாளில் நாமும் பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்து கற்றுக்கொள்வோம். நாற்பதைக் கடந்த வயதில் மாணவனாக அமர நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 'வெகுமதி' என்று நாம் தவறாகப் பொருள் சொன்ன அந்தச் சொல் இன்னும் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தவறு இந்தப் பள்ளிவாசலில் இனி ஒருமுறை நிகழக் கூடாது.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வழங்குவானாக. அவர்கள் வாசிப்பதை விளங்கவும், விளங்கியதைக் கொண்டு தம் உரிமையையும் பிறர் உரிமையையும் காக்கவும் அருள்புரிவானாக. பிழைப்புக்காக ஆலைகளிலும் அயல்நாடுகளிலும் உழைக்கும் நம் சகோதரர்களையும் சகோதரிகளையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.